முதலில் வந்த மீன்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவின் பெயர் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. தூத்துக்குடியில் கடல்மீன் கடை வைத்திருக்கிறாள். சமைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. வெயிலுமுத்து சார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் ஜெசிந்தாவைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர். அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இல்லை.

ஒரு காலையில் சார் கடைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய தாள்.

"ஏ பிள்ள, ஒரு ஃபயர் ஃபிஷ் வேணும்."

ஃபயர் ஃபிஷ் என்பது விரல் நீள மீன். முன்பாதி வெள்ளை, பின்பாதி தணல். ரொம்பப் பயந்த சுபாவம்.

"யாருக்கு சார்?"

"வீட்ல கேக்கா."

வீட்டில் என்றால் வடிவக்கா. சாருடைய முதல் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ரிட்டயர்டு நர்ஸ் வடிவக்காவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அவருக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. வடிவக்காவுக்கும் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"அவ எதையுமே கேக்க மாட்டா," என்றார் சார். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அவ வேலை பாத்த ஆஸ்பத்திரில ஒரு கடல்மீன் தொட்டி இருந்துச்சாம். டூட்டி முடிஞ்சா அஞ்சு நிமிஷம் அதப் பாத்துட்டுதான் போவாளாம். அதான் நாலடியில ஒண்ணு வாங்கி, கல்லெல்லாம் அடுக்கி, பவளத்திட்டு மாதிரி பண்ணி வெச்சிருக்கேன்."

"தொட்டில இப்ப யாரு இருக்கா?"

"ஒரு நீல டேம்சல் மீன். ஒரு மாசமா இருக்கு. தண்ணி பழகுறதுக்கு மொதல்ல கெட்டி மீனா விடணும்னாங்க."

ஜெசிந்தா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "எல்லாரும் இதத்தான் செய்யுதீங்க."

சார் தாளை விரித்தார். எந்த மீன் எதோடு சேரும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

"டேம்சலுக்கு நேரா ஃபயர் ஃபிஷ் பாரு. மஞ்சள். மஞ்சள்னா சேரும், கொஞ்சம் கவனமா இருக்கணும். நான் இருப்பேன்."

"நல்ல சார்ட்டு சார். இதுல யாரு மொதல்ல வந்ததுன்னு எந்தக் கட்டத்துல போட்டிருக்கு?"

"அது எதுக்கு?"

"ஃபயர் ஃபிஷ் தர மாட்டேன் சார். போயிட்டு வாங்க."

சார் வேறு கடையில் வாங்கினார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். தாள் கையில் இல்லை.

"சாப்பிட மாட்டேங்கு. மோட்டாருக்குப் பின்னாடி போயி சந்துல நிக்கி. வெளிய தலைய நீட்டுனா டேம்சல் வெரட்டிக் கடிக்கி. வாலு கிழிஞ்சிட்டு."

"மூடி போட்டிருக்கீங்கல்லா? பயந்தா வெளிய குதிச்சிரும்."

"போட்டிருக்கேன். ஆனா என்ன தப்புன்னே புரியல. நாலடித் தொட்டி. ரெண்டே மீன். ஆளுக்கு ரெண்டடி வருது."

"கணக்குல தப்பில்ல சார். அக்கா என்ன சொல்லுதாங்க?"

சார் கடைத் தொட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மீனப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா."

"எத்தன நாளைக்கு?"

"கேட்டேன். தெரியலன்னா."

சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏ பிள்ள, அவளுக்கு என்ன கொறை வெச்சேன் நான்? ஒரு கரண்டி வாங்க வேண்டாம். ஒரு சாமான நகத்த வேண்டாம். எல்லாம் அதது இடத்துல இருக்கு. வந்து இருக்க வேண்டியதுதான் பாக்கி."

ஜெசிந்தா நாலு வாளியை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

சார் வீடு சுத்தமான வீடு. ஹாலில் தொட்டி. வடிவக்கா சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், பஸ் வரக் காத்திருக்கிற மாதிரி.

"அக்கா, ஒரு பழைய துண்டு தாங்க."

வடிவக்கா எழுந்தார். நாலு எட்டு நடந்தார். நின்றார்.

"ஏங்க, பழைய துண்டு எங்க இருக்கும்?"

"பீரோவுல மூணாவது தட்டு, எடது பக்கம், ரெண்டாவது அடுக்கு."

ஜெசிந்தா சாரைப் பார்த்தாள். சார் பெருமையாக நின்றார்.

"சார், கல்ல எல்லாம் வெளிய எடுக்கணும்."

"எல்லாத்தையுமா? ரெண்டு நாள் ஒக்காந்து அளந்து அடுக்குனது பிள்ள!"

"டேம்சலும் எல்லாம் தன் எடம்னு அளந்துதான் வெச்சிருக்கு சார்."

கல் ஒவ்வொன்றாக வாளித் தண்ணீருக்குப் போனது. ஒளிந்துகொள்ளக் கல் இல்லாததால் டேம்சல் சுலபமாக வலையில் மாட்டியது. மாட்டியதும் ஜெசிந்தாவின் விரலைக் கடித்தது. அவள் அதைத் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற, துளை போட்ட ஒரு டப்பாவில் விட்டு, டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே ஒரு ஓரமாகத் தொங்கவிட்டாள்.

"ஜெயிலா?" என்றார் சார்.

"லீவு."

பிறகு வடிவக்காவிடம் திரும்பினாள். "அக்கா, கையக் கழுவிட்டு வாங்க. கல்ல நீங்க அடுக்குங்க."

"நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அவங்கதான் கரெக்டா வெப்பாங்க."

"கரெக்டா வேண்டாம். உங்களுக்குத் தோணுற மாதிரி வைங்க."

வடிவக்கா ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஒரு இடத்தில் வைத்தார். சாரைப் பார்த்தார். அது ஆடியது. சார் வாயைத் திறந்தார்.

"சார், மூணு டீ போட்டுட்டு வாங்க," என்றாள் ஜெசிந்தா.

"அந்தக் கல்லு சாயுது, நான் என்ன சொல்றேன்னா..."

"சக்கர கம்மியா போடுங்க."

முப்பது வருஷம் பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே அனுப்பியவர் அன்றைக்கு அடுப்படிக்குப் போனார்.

டீயோடு திரும்பியவர் நடையிலேயே நின்றுவிட்டார். வடிவக்காவின் ஒரு கை தோள் வரைக்கும் தண்ணீரில். ரவிக்கை நனைந்திருந்தது. எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"...டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு, நான் தொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சுக்குவேன். கண்ணாடி வழியா அவரு மூஞ்சி கெளுத்தி மாதிரி தெரியும்!"

ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சார் அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் கேட்டதே இல்லை. டீ ஆறியது. அவர் கூப்பிடவில்லை.

கல்லெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. நடுவில் ஒரு குகை. பக்கத்தில் சின்னச் சின்னப் பொந்து. கொஞ்ச நேரத்தில் ஃபயர் ஃபிஷ் மோட்டார்ச் சந்திலிருந்து தலையை நீட்டியது. யாரும் துரத்தவில்லை. ஒரு பொந்தைப் பார்த்தது, பிடிக்கவில்லை போல. இன்னொன்றில் நுழைந்தது. திரும்பி, முகத்தை வெளியே காட்டிக்கொண்டு நின்றது.

"அது அந்த எடத்தத்தான் எடுக்கும்னு நெனச்சேன்," என்றார் வடிவக்கா மெதுவாக.

"டேம்சல் டப்பாவுலயே இருக்கட்டும். சாப்பாடு மட்டும் போடுங்க," என்றாள் ஜெசிந்தா. "சனிக்கெழம வாரேன்."

சனிக்கிழமை வந்தாள். ஃபயர் ஃபிஷ் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கிழிந்த வால் ஆறத் தொடங்கியிருந்தது. வடிவக்காவின் பை கதவோரம் இருந்தது. மறுநாள் ஞாயிறு.

மூன்று பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா டப்பாவைச் சாய்த்தாள்.

டேம்சல் வேகமாக வலது மூலைக்குப் போனது. அங்கே அதன் கல் இல்லை. இடது பக்கம் போனது. அங்கேயும் இல்லை. கண்ணாடியில் முட்டியது. குகைக்குள் எட்டிப் பார்த்து வெளியே வந்தது. ஃபயர் ஃபிஷ் இருந்த பொந்தைத் தாண்டியே போனது. கடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை.

சாருக்குப் பொறுக்கவில்லை.

"பாவம் பிள்ள அது. அதுதான மொதல்ல வந்துச்சு? அது வீடுதான இது?"

"ஆமா சார்."

"இப்ப அது எங்க போவும்?"

"தேடும்."

"எத்தன நாளைக்கு இப்படித் தேடிக்கிட்டே கெடக்கும்?"

பதில் சொன்னது வடிவக்கா.

"எனக்கு அறுபத்தெட்டு நாளாச்சு."

குரலில் கோபம் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு மீனைப் பார்த்தார்.

சார் கணக்கு வாத்தியார். அறுபத்தெட்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

பிறகு சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஹால் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பீரோ, கட்டில், மேசை, தட்டலமாரி. ஒன்றுகூட இருபத்தாறு வருஷமாக நகர்ந்ததில்லை. பீரோவைக் கையால் தள்ளிப் பார்த்தார். ஆடியது.

"இதையெல்லாம் இப்ப எங்க வெக்கிறது?" என்று ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைய ஏன் சார் பாக்கீங்க?" என்றாள் ஜெசிந்தா.