ஒற்றைக் காதால் தேர்ந்தெடுத்த மைக்

“மேடம், இதுல எதுதான் நல்ல மைக்? ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிட்டீங்கன்னா நானும் நிம்மதியா இருப்பேன், நீங்களும் நிம்மதியா இருப்பீங்க.”

கேட்டவர் தணிகாசலம். சிஷ்யர். ஐம்பது வயதைத் தாண்டியாச்சு.

கேள்வி போனது ஜெசிந்தாவிடம். அவர்தான் குரு. முப்பதுகூட முழுசா ஆகவில்லை.

குரு என்றால் தாடி இருக்கும், காவி இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அதற்கு நான் என்ன செய்ய? இவர்களுக்கு அப்படித்தான் வாய்த்தது.

ஜெசிந்தா தேங்காய் பன்னில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினார்.

“சாப்பிடுங்கண்ணே.”

“இதுதான் பதிலா மேடம்?”

“இல்ல. இது பன்னு.”

தணிகாசலம் வாங்கித் தின்றார்.

அவர் செய்யாறு பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். அவர் கட்டினால் பக்கத்து ஊர்க்காரனும் தூங்க முடியாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

திடீரென்று ஒரு நாள், பாட்டுப் பதிவு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செட்டைத் தம்பியிடம் ஒப்படைத்தார். சாலிகிராமத்தில் ஜெசிந்தாவின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே ஒரு காரியம் செய்தார்.

மைக் செட்காரர்களுக்கு மைக்கைக் கண்டால் கையும் வாயும் சும்மா இருக்காது. விரலால் ரெண்டு தட்டு. வாயால் “ஃபூ, ஃபூ”. அப்புறம் “ஹலோ, மைக் டெஸ்டிங்”. மைக்குக்கு வணக்கம் சொல்வதே அப்படித்தான். ஒரு மைக்கின் முன்னால் போய் நின்று ஆசை தீர ஊதினார். உள்ளே ஈ இறகு மாதிரி மெல்லிசாக ஒரு தகடு இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அத்தோடு அந்த மைக்கின் கதை முடிந்தது.

ஜெசிந்தா திட்டவில்லை. கிழிந்த தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இவ்வளவுதானா மேடம்? இதுவா கேக்குது?”

“இதுவேதான் கேக்குது.”

அன்றிலிருந்து மைக் பக்கம் போனால் மூச்சையே அடக்கிக்கொள்வார் மனுஷன்.

அடக்கினாலும் கேள்வி அடங்கவில்லை. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒருத்தன் இதுதான் உசத்தி என்றான். அடுத்தவன், அதை வாங்கினால் நாசமாய்ப் போவாய் என்றான். இவருக்குத் தலை சுற்றியது.

“நீங்களாவது சொல்லக் கூடாதா மேடம்?”

“டீ சொல்லவா அண்ணே?”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில் பூரணி பாட வந்தார்.

பூரணி ட்ராக் பாடுகிறவர். ட்ராக் என்றால் வேறொன்றும் இல்லை. பெரிய பாடகி வருவதற்கு முன்னால், பாட்டு இப்படித்தான் போகும் என்று காட்ட ஒருத்தர் பாடி வைக்க வேண்டும். பெரிய பாடகி அதைக் கேட்டுக்கொண்டு பாடுவார். அவர் பாடி முடித்ததும் இவர் பாடியதை அழித்துவிடுவார்கள்.

பூரணி பாடி அழிந்த பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. டிவியில் பாட்டு வரும்போது, “இதை முதல்ல நான்தான் பாடினேன்” என்பார். “ஆமா ஆமா” என்று மாமியார் சேனலை மாற்றுவார்.

அன்றைக்குப் பாட வேண்டிய பாடகி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டார். விமானம் இல்லை. பாட்டோ சாயங்காலத்துக்குள் படக்காரர்கள் கைக்குப் போயாக வேண்டும். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டிய மகளை, எழுப்ப மனசில்லாமல் ஒரு அம்மா எழுப்புகிற பாட்டு.

இசையமைப்பாளர் ரகோத்தமன் பூரணியிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

“அம்மா, இன்னைக்கு நீங்க பாடறது நல்லா வந்துட்டா, அப்படியே படத்துல வச்சுக்கறேன். வரலைன்னா மும்பைல ஒருத்தங்க பாடி அனுப்பத் தயாரா இருக்காங்க. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது.”

“சரிங்க சார்.”

பூரணி கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, இன்னைக்கு மைக் நீங்க வைங்க.”

“நானா!”

“நீங்கதான்.”

“மேடம், அந்தம்மா வாழ்க்கை இது! விளையாடாதீங்க.”

“அதனாலதான் சொல்றேன். வைங்க.”

தணிகாசலம் அலமாரியைத் திறந்தார். முதலில் எடுத்தது மரப்பெட்டிக்குள் இருந்த பெரிய வெள்ளி மைக். பெரிய பெரிய குரலெல்லாம் அதில்தான் பாடியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுபோய் வைத்தார்.

பூரணி மைக்கோடு ஒட்டிக்கொண்டு நின்று பாடினார்.

இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் ‘ச’ வந்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்கியது.

ரகோத்தமன் காதைக் குடைந்தார். “வேற பாருங்க.”

வேறு வைத்தார். குரல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது.

“இன்னொண்ணு?”

இன்னொன்று வைத்தார். அதில் மூக்கடைப்பு. அதற்கப்புறம் எதை வைத்தார், எதை எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஏசி அறையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூரணி திரும்பத் திரும்ப முதல் அடியிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

ரகோத்தமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மைக்கை என்னப்பா குத்தம் சொல்றது? இந்தம்மா குரல் ட்ராக்குக்குத்தான் ஆகும். விடுங்க.”

சொன்னதில் தப்பில்லை, அவர் மனசில் பட்டதைச் சொன்னார். ஆனால் உள்ளே பாடுகிறவருக்குக் கேட்கும்படி பேச அழுத்துகிற பட்டன்மேல் அவருடைய முழங்கை இருந்தது.

பூரணி ஹெட்போனைக் கழற்றினார். ஸ்டாண்டில் மாட்டினார்.

“பரவாயில்ல சார். எல்லாரும் சொல்றதுதான். நான் கிளம்பட்டுங்களா?”

தணிகாசலத்துக்குக் குரு, சிஷ்யன் எல்லாம் மறந்துபோனது.

“மேடம்! இன்னுமா சும்மா உக்காந்திருக்கீங்க? எந்த மைக்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பார்க்கறீங்க. அந்தம்மா போயிடப் போறாங்க, சொல்லித் தொலைங்க!”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“என்னது?”

“சத்தியமாத் தெரியாது. நானும் உங்க கூட ஸ்பீக்கர்லதானே கேட்டுட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டு ஜெசிந்தா ஸ்பீக்கரை அணைத்தார். பாடுகிற அறையின் கதவைக் காட்டினார்.

“உள்ள போங்க.”

“எந்த மைக்கை எடுத்துட்டுப் போகட்டும்?”

“எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. உள்ள இருக்கறதையும் தூக்கி வெளிய வச்சிடுங்க.”

“மைக் இல்லாம அவங்க பாடி என்ன பிரயோஜனம்? எதுல பதியும்?”

ஜெசிந்தா ஒரு விரலை எடுத்துத் தன் வலது காதை அடைத்துக் காட்டினார். இடது காதைச் சும்மா விட்டார்.

தணிகாசலத்துக்குப் பாதிதான் புரிந்தது. பாதி புரிந்ததோடு போனார்.

“இங்க என்னதான் நடக்குது?” என்றார் ரகோத்தமன்.

“காபி வருது சார்” என்றார் ஜெசிந்தா.

உள்ளே மைக்கும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. பூரணி கையில் பையோடு நின்றார்.

“மைக் எங்கண்ணா?”

“இல்லம்மா. பையைக் கீழ வச்சுட்டு சும்மா ஒரு தடவை பாடுங்க. நான் கேக்கறேன்.”

“யாரு மாதிரி பாடட்டும்?”

தணிகாசலம் முழித்தார்.

“யாரு மாதிரின்னா? இவ்வளவு நேரம் யாரு மாதிரி பாடினீங்க?”

“வரவேண்டிய அந்தப் பாடகி மாதிரிதான். ட்ராக்னா அப்படித்தானேண்ணா பாடுவோம்? அவங்க இழுக்கற இடத்துல இழுத்து, அவங்க நிறுத்தற இடத்துல நிறுத்தி. அப்பத்தான் அவங்களுக்குக் கேட்டுப் பாடத் தோதா இருக்கும்.”

“அவங்கதான் இன்னைக்கு வரலையே?”

பூரணி பையைக் கீழே வைத்தார்.

“நான் ஒரு மைக் செட்காரன்மா. எனக்கு எப்படிப் பாடினாலும் தோதுதான். உங்க பொண்ணை எழுப்பற மாதிரி பாடுங்களேன்.”

“எம்பொண்ணு ஒரு பாட்டுக்கெல்லாம் எழுந்திருக்க மாட்டா.”

“அப்ப ரெண்டு பாட்டாப் பாடுங்க!”

பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஆரம்பித்தார். முதல் அடி தயங்கியது. அடுத்த அடியில் கை முந்தானையை விட்டு வெளியே வந்தது.

தணிகாசலம் வலது காதை அடைத்துக்கொண்டார். வாய்க்குப் பக்கத்தில் இடது காதைக் கொண்டுபோனார். பல் சத்தமும் மூச்சுச் சத்தமும் இருந்தது, பாட்டு இல்லை. பக்கவாட்டில் போனார். மெலிந்துபோனது. பின்னால் நகர்ந்தார். சுவர் பேசியது. கோழி பிடிக்கிறவர் மாதிரி குனிந்து, நிமிர்ந்து, அந்தம்மாவையே சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்த ரகோத்தமனுக்கு, ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் பட்டது.

தாடைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை தூரத்தில், தணிகாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே இருந்தது.

அடித்தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. ராத்திரியெல்லாம் தூங்காதவள் காலையில் பேசுகிற குரல். அதுதான் பாட்டையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது. இவ்வளவு நேரம் எந்த மைக்கிலும் அது வரவே இல்லை. எப்படி வரும்? இவ்வளவு நேரமும் அது அந்த அறையிலேயே இல்லையே.

எத்தனை திருவிழா, எத்தனை கச்சேரி! எல்லாரும் அவர் மைக்கில்தான் பாடினார்கள். அவரோ பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குழாயில் வந்ததைத்தான் கேட்டார். ஒரு மனுஷத் தொண்டையை இவ்வளவு கிட்டத்தில் அவர் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“அம்மா! இங்கயா இருக்கீங்க!” என்று கத்திவிட்டார்.

பூரணி பயந்துபோய் நிறுத்தினார். “என்னாச்சுண்ணா?”

“ஒண்ணுமில்ல, அசையாதீங்க! காலை நகர்த்தாதீங்க!”

காது இருந்த இடத்தில் தன் கை முஷ்டியை வைத்துக்கொண்டார். அந்தரத்தில் நிற்கிறது முஷ்டி. எடுத்தால் இடம் போய்விடும். அங்கிருந்தே, சாத்தாமல் விட்ட கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மேடம்! என்னால நகர முடியாது! அவங்க குரல்ல மேல கூர் தானாவே இருக்கு. மைக் அதைத் தீட்டக் கூடாது. அடியில ஒரு கரகரப்பு இருக்கு, அதைத் துடைச்சு வீசிடக் கூடாது. அந்த மாதிரி நம்மகிட்ட என்ன இருக்கு?”

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். ஆமாம், குருதான் ஓடினார். அலமாரிக்குள் கைவிட்டு, பழைய டார்ச் லைட் மாதிரி நீளமாக ஒரு மைக்கை எடுத்தார். ஸ்டாண்டோடு உள்ளே வந்தார். முஷ்டிக்குப் பக்கத்தில் மைக்கின் முகத்தைக் கொண்டுவந்தார்.

“இது மேல கத்தாது. கீழ இருக்கறதைக் கீழேயே விட்டுடும்.”

“கொஞ்சம் இறக்குங்க. போதும், போதும்!”

“சரிதானா அண்ணே?”

“சரி.”

“மெதுவாக் கையை எடுங்க.”

எடுத்தார். அந்த இடத்தில் மைக் நின்றது.

வெளியே வந்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பூரணி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இசை ஓடியது. பாடினார்.

ரகோத்தமனின் கையில் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. பல்லவி முடிந்தது. சரணம் முடிந்தது. டம்ளர் வாய்க்கும் போகவில்லை, மேசைக்கும் வரவில்லை. மகளை எழுப்புகிற கடைசி அடியில் அந்தக் கரகரப்பு ஒரு நொடி உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

பாட்டு நின்றது.

“யம்மாடி!” என்றார் ரகோத்தமன். “இன்னொரு தடவை பாடச் சொன்னா என் வாய் அழுகிடும். இதுதான். இதேதான்!”

தணிகாசலம் எகிறிக் குதித்ததில் மேசையிலிருந்த பன் தட்டு கீழே போனது. ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

ரகோத்தமன் போனை எடுத்து மும்பைக்குப் போட்டார்.

“இனிமே வேண்டாம்ப்பா, அந்தம்மாவைப் போகச் சொல்லிடு. பாட்டு முடிஞ்சுடுச்சு. எப்படியா? வந்து கேளு, அழுவே!”

அந்தப் பக்கத்தில் கேட்டார்கள், யார் பாடினது என்று.

ரகோத்தமன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது. வருஷக்கணக்காகத் தனக்கு ட்ராக் பாடுகிறவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா வேண்டுமென்றே கீழே விழுந்த பன்னைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

போனை வைக்காமலே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்க பேர் என்ன?”

பூரணி ஹெட்போனைக் கழற்றினார். மைக்கை விட்டு விலகி, கதவுக்கு நேராக வந்து நின்றார்.

“பூரணி!”

மும்பைக்கே கேட்டது.