தேன் கடை போட்ட முள்ளம்பன்றி

“எவன்டா அவன்? தேன் வித்தா காடே உங்க காலடியிலன்னு சொன்னவன் எவன்? தைரியம் இருந்தா மூஞ்சியக் காட்டுடா!”

முள்ளம்பன்றி சூடாமணி தன் வளை வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக் கத்தியது. சொன்னவனுக்கு மூஞ்சி இருந்தால்தானே காட்டுவதற்கு!

காட்டுக்குச் செல்போன் வந்ததிலிருந்து எல்லாருக்கும் ஆன்லைன் வியாபாரப் பித்துப் பிடித்துவிட்டது. கடை வேண்டாம், வாடகை வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே சரக்கைப் படம் பிடித்துப் போட்டால் போதும், காக்கை கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பெயர் தெரியாத ஒரு குரல் எல்லார் போனிலும் பேசியது.

“தேனுக்கு இருக்கிற கிராக்கியே தனி! உடனே ஆரம்பியுங்கள்! தேன் நிரப்பச் சுரைக்குடுக்கை என்னிடம் கிடைக்கும். கிழங்கை மட்டும் முன்னாடியே பாறை மேல் வைத்துவிடுங்கள்!”

சூடாமணி யோசிக்கவில்லை. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கிழங்கில் பாதியைக் குடுக்கைக்குக் கொடுத்தது. மீதியைத் தேனுக்குக் கொடுத்தது. வளைக்குள் இரண்டு குட்டிகள். மழை பிடித்துவிட்டால் காட்டாறு குறுக்கே ஓடும். கிழங்கு விளையும் மேடு அக்கரையில். அதற்குள் தேன் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் குட்டிகள் பட்டினி.

தேன் விற்கவில்லை. எப்படி விற்கும்? குரங்கு தேன் விற்றது. அணில் தேன் விற்றது. புனுகுப்பூனை ஒரு குடுக்கை வாங்கினால் ஒன்று இனாம் என்றது. கரடியும் கடை போட்டது. ஆனால் தன் சரக்கைத் தானே நக்கித் தீர்த்துவிட்டது. சூடாமணியின் குடுக்கைகளில் எறும்பு ஏறியதுதான் மிச்சம்.

ஒருநாள் போன் அடித்தது. புள்ளிமான்.

“சூடாமணியக்கா!”

“சொல்லு தாயி! எத்தனை குடுக்கை?”

“தேன் வேணாங்கா. கால்ல கருவேல முள்ளு ஏறிடுச்சு. எடுக்கிற மாதிரி ஏதாச்சும் விக்கிறீங்களா?”

“ஏம்மா, நான் போட்ட படத்தைப் பாத்தியா இல்லையா? குடுக்கை! குடுக்கைக்குள்ள தேன்! முள்ளு எடுக்கிறதுக்கு நான் என்ன வைத்தியரா? வை போனை!”

மறுநாள் காட்டெருமை அதையே கேட்டது. அப்புறம் முயல் கேட்டது. எல்லாருக்கும் அதே திட்டுதான்.

வேலை இல்லாத காக்கை வந்து வளை மேல் உட்கார்ந்தது.

“இன்னிக்கும் ஒண்ணும் கொண்டுபோறதுக்கு இல்லையா?”

“இல்லை. ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான்.”

“வாங்குறவன் எப்படி வருவான்? எல்லாம் நொண்டிக்கிட்டுல்ல கிடக்குது! பக்கத்துக் குட்டை வத்திப்போச்சு. தண்ணிக்குக் கருவேலங்காட்டைத் தாண்டித்தான் போயாகணும். போனா முள்ளு, வந்தா முள்ளு.”

“நொண்டட்டும்! எனக்கென்ன வந்துச்சு?” என்று சூடாமணி கோபத்தில் உடம்பைச் சிலிர்த்தது. ஒரு முள் கழன்று காக்கையின் முன்னால் விழுந்தது. நல்ல கூர். வளையாத முள். காக்கை அதை அலகில் எடுத்துத் திருப்பிப் பார்த்தது.

“இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவாங்க? குப்பைதான். வளைக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கு.”

காக்கையின் அலகில் இருந்த முள்ளைச் சூடாமணி பார்த்தது. தன் உடம்பைப் பார்த்தது.

“அடச்சே!” என்றது.

இந்தத் தடவை அவசரப்பட்டுப் படம் போடவில்லை. முதலில் புள்ளிமானைக் கூப்பிட்டது.

“முள்ளு எடுக்க வேற யார்கிட்டயாவது கேட்டியா?”

“கேக்காத ஆள் இல்லக்கா. எல்லாரும் தேன் வேணுமான்னு கேக்குறாங்க!”

“எடுத்து விட்டா என்ன குடுப்ப?”

“ரெண்டு கிழங்கு.”

“நாலு!”

“அக்கா, பன்றி கிளறிப் போட்டதை நொண்டிக்கிட்டே போய்ப் பொறுக்கணும்கா!”

“சரி, மூணு. அதுக்குக் கீழ பேசாத. என் முள்ளும் வரும், அதால எடுத்து விடக் காக்கையும் வரும்.”

“வலிச்சா?”

“வலிச்சா காக்கையைத் திட்டிக்கோ!”

காக்கை சிறகை அடித்துக்கொண்டது. “என் கூலி?”

“ஒரு குடுக்கைத் தேன்.”

“தேனா! போற வீட்டுலயெல்லாம் அதைத்தானே குடுக்குறாங்க! எறும்பு ஏறினதா?”

“ஏறினதுதான்.”

“அப்படிச் சொல்லுங்க! எனக்கு எறும்புதான் இஷ்டம்!”

அன்று மாலை புள்ளிமான் துள்ளிக்கொண்டு போனதைக் காடே பார்த்தது. காட்டெருமை ஆள் அனுப்பியது. முயல் குடும்பத்தோடு வரிசையில் நின்றது. குரங்கு மட்டும் மரத்திலிருந்து கேலி செய்தது. “குப்பையை விக்குதுடா இது!” பிறகு அதற்கும் உள்ளங்காலில் முள் ஏறியது. சூடாமணி அதனிடம் ஒரு கிழங்கைக்கூடக் குறைக்கவில்லை.

மழை இறங்கிய அன்று வளை நிறையக் கிழங்கு இருந்தது. குட்டிகள் ஆளுக்கொன்றைக் கடித்துக்கொண்டிருந்தன. எதிர் மரத்தில் அணிலின் பிள்ளைகள் கொறிக்க ஒன்றுமில்லாமல், புளித்துப்போன தேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சூடாமணி கொஞ்சம் கிழங்கைக் காக்கையிடம் கொடுத்து அங்கே அனுப்பியது. அனுப்பிவிட்டுத் திரும்பினால் மூலையில், காக்கைக்குக் கூலி கொடுத்தே காலியான குடுக்கைகள்! மறுபடி கோபம் தலைக்கேறியது. போனை எடுத்துக் காடு முழுவதற்கும் கேட்கும்படி பேசியது.

“டேய், குடுக்கைக்காரா! நான் தப்பிச்சுட்டேன். அணிலு தப்பிக்கலை. தேன் நல்லா போகும்னா நீ ஏன்டா தேன் விக்காம குடுக்கை வித்த?”

எல்லாரும் விற்பதை விற்பவன் கையில் சரக்குதான் மிஞ்சும். பிறர் கேட்டும் கிடைக்காத பொருள் எது என்று காது கொடுத்துக் கேட்டு, அதைத் தன்னிடம் இருப்பதைக் கொண்டு கொடுப்பவனுக்கே லாபம் மிஞ்சும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனே, காலிக் குடுக்கைகளைச் சூடாமணி பாறை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டது. இனியாவது ஒளியாமல் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு, அணில் வீட்டுக் கிழங்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போ!