எலோதியின் கன்னச் சிவப்பு

வெளியே வைத்தால் தேயும். மூடி வைத்தால் தேயாது, ஆனால் கண்ணுக்கு எட்டாது. அது என்ன? விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள்; கதை முடியட்டும்.

நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் ஓக்தாவ் என்றோர் ஓவியர் இருந்தார். பாலே நடனக்காரிகளை நீர்வண்ணத்தில் வரைவது அவர் தொழில். அவர் வரைந்ததைப் பார்த்து அச்சுக்காரர் கல்லில் படியெடுப்பார். அச்சான படங்கள் அரங்க வாசலில் விற்கும். அந்த அச்சுக்காரருக்கு ஒரு வழக்கம்: யார் ஆடினாலும் சின்ன வாய், சின்னப் பாதம், பொம்மை முகம். ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

எலோதி என்ற நடனக்காரி ஆடி முடித்து மூச்சு வாங்க நின்றபோது கன்னத்தில் ஏறிய சிவப்பை ஓக்தாவ் அப்படியே வரைந்தார். கார்மைன் என்ற வண்ணம்தான் அதற்குப் பொருந்தியது. வெயில் பட்டால் அது வெளுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அச்சாகும்வரை ஒரு மாதம் தாங்கினால் போதாதா என்று நினைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எலோதி காசநோயில் இறந்துபோனாள். "அந்தப் படம் லியோனிக்கு" என்று சொல்லியிருந்தாள். லியோனி அவள் மகள், ஏழு வயது.

ஓக்தாவ் வெளுக்காமல் நிலைக்கும் சிவப்பில் மூன்று நகல் எடுத்துப் பார்த்தார். மூன்றும் பொம்மை முகமாகவே வந்தன. வேறு வழியின்றி அசலை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். ஒரே அறை, வெயில் படாத சுவரே இல்லை. எலோதியின் கணவர் கஸ்பார் சுத்தியலும் ஆணியுமாகக் காத்திருந்தார். அரங்கில் கயிறு இழுத்து நடனக்காரிகளைப் பறக்கவிடுபவர் அவர்.

"மாட்டாதீர்கள் ஐயா. பெட்டியில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்" என்றார் ஓக்தாவ்.

"ஒரு தடவை எடுத்துப் பார்க்க அவள் என்ன கிறிஸ்துமஸ் குடில் பொம்மையா?"

"வெயிலில் முதலில் போவது கன்னத்துச் சிவப்பு. பிறகு உதடு. கடைசியில், நோயோடு படுக்கையில் கிடந்தாளே, அந்த வெளிறிய முகம்தான் மிஞ்சும்."

"வரையும்போது தெரியாதா உமக்கு?"

"தெரியும்."

கஸ்பார் சுத்தியலைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "பிள்ளைக்கு இப்போதே அந்தப் படுக்கை முகம்தான் நினைவில் இருக்கிறது. இதைப் பெட்டியில் பூட்டினால் அதுவே தங்கிவிடும்."



"எத்தனை வருஷத்தில் வெளுக்கும்?" என்று கேட்டாள் லியோனி.

"ஆறு வருஷம் தாங்கினால் பெரிது."

"அப்புறம் மறுபடி வரைவீர்களா?"

"எனக்கு வராதம்மா. முயன்று பார்த்துவிட்டேன்."

"படம் உன்னுடையது. நீயே சொல்" என்றார் கஸ்பார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஓவியர் சொன்னது சரியா, அப்பா சொன்னது சரியா?

புதிருக்கு விடை அந்தப் படம். கேள்விக்கு விடை ஓக்தாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. லியோனி விரல்களை மடக்கித் தன் வயதை ஏழிலிருந்து பதின்மூன்று வரை எண்ணினாள். பிறகு படத்தைச் சன்னலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள்.