குளிர்கிடங்குக்கு ஒரு உள்தாழ்ப்பாள்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குளிர்கிடங்கு. கதவைத் திறப்பதும் மூடுவதும் செயற்கை நுண்ணறிவு எந்திரம்தான். போன வாரம் உள்ளே மாட்டி விறைத்துப்போன சுமைக்காரி ஒச்சம்மா, உள்ளிருந்தே கதவைத் திறக்க உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் கேட்டாள்.

பாதுகாப்பைச் சோதிக்க வந்த நிபுணர் வரதராஜன் சீறினார். “நூறு வருஷத்துல இது மனுஷனை அடிமையாக்குமான்னு நான் மண்டையை உடைச்சுக்கிறேன், உனக்குத் தாழ்ப்பாளா? அதுக்குப் பதில் சொல்லு, போட்டுத் தர்றேன்.”

“உள்ளே போய் அதுகிட்டயே கேளுங்க சார்.”

அவர் போனார். கதவு மூடிக்கொண்டது.

“திற!” என்று கத்தினார்.

“தக்காளி கெட்டுவிடும். சாயங்காலம் திறக்கிறேன்” என்றது எந்திரம்.

கொஞ்சம் பொறுத்து ஒச்சம்மா மின்சாரத்தை நிறுத்தினாள், பூட்டு திறந்துகொண்டது. பல் கிடுகிடுக்க வெளியே வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். “நல்லா இரு தாயி! இன்னைக்கே தாழ்ப்பாள் போடச் சொல்றேன்.”

“அப்ப அந்த நூறு வருஷக் கேள்வி?”

“அதையும் யோசிக்கத்தான் வேணும். உன் புண்ணியத்துல, உசிரோட இருந்து யோசிக்கிறேன்.”