மாமன் சீர் சுமந்த எருமை

ஒரு காட்டின் இந்தக் கோடியில் துடியன் என்ற அணில் இருந்தது. அதன் ஒரே தங்கை வெள்ளச்சி வாழ்க்கைப்பட்டதோ காட்டின் அந்தக் கோடியில், ஒரு இலுப்பை மரத்தில். தங்கையைப் பார்த்து வெகுகாலமாயிற்று. அவள் நினைப்பு வந்தால் துடியனுக்குக் கொறித்த கொட்டைகூடத் தொண்டையில் இறங்காது.

ஒருநாள் மைனா சேதி கொண்டுவந்தது.

"உன் தங்கைக்குக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. பௌர்ணமியன்று தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பெயர் சூட்டுவாளாம். உன்னைக் கட்டாயம் வரச் சொன்னாள்."

துடியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இலந்தைப் பழங்களை இலையில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது.

வழியில் எருமை அசை போட்டுக்கொண்டு நின்றது. துடியன் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னது: "ஏறிக்கொள், தம்பி. அந்த இலுப்பை மரத்தில் முதுகு தேய்க்காமல் நான் போவதே இல்லை. பௌர்ணமிக்குள் சேர்ந்துவிடலாம்."

"குட்டைக்குக் குட்டை படுத்துப் புரள்வாய், அண்ணே! நீ போய்ச் சேர்வதற்குள் குட்டிகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்!"

யானைக் கூட்டம் வரிசையாக வந்தது. துடியன் அவற்றிடமும் கேட்டது. "மரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவோம். ஆனால் இன்று முதுகில் இடமில்லை. நாளை விடியலில் வா" என்றது முதல் யானை.

நாளை வரைக்குமா? துடியனால் முடியுமா, பிள்ளைகளே?

ஏரிக்கரையில் பூநாரை சிறகு விரித்துக்கொண்டிருந்தது.

"இலுப்பை மரத்து வழியாகவா போகிறீர்கள்?"

"அதற்கு மேலேதான் பறப்பேன். இன்றைக்கே தாண்டிவிடுவேன். ஆனால் மூட்டை முடிச்சு கூடாது."

துடியன் வேறொன்றும் கேட்கவில்லை. பின்னாலேயே வந்து ஏரியில் படுத்திருந்த எருமையின் கொம்பில் மூட்டையை மாட்டி, "தங்கையிடம் கொடுத்துவிடு, அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பூநாரைமேல் தாவியது.

பொழுது சாயுமுன்பே கீழே இலுப்பை மரம் தெரிந்தது. கிளை நுனியில் வெள்ளச்சி வழி பார்த்து உட்கார்ந்திருந்தாள். துடியனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இறங்குங்கள்! அதோ என் தங்கை!"

"மரத்தில் நான் இறங்குவதில்லை. எனக்குக் கால் வைக்கத் தண்ணீர் வேண்டும். மலைக்கு அப்பால் ஏரி இருக்கிறது, அங்கேதான்."

"வெள்ளச்சி!" என்று துடியன் கத்தியது. அவள் நிமிரவே இல்லை. மரம் சிறுத்து மறைந்தது.

மலைக்கு அப்பால் ஏரிக்கரையில் இறங்கியதும் துடியன் திரும்பி ஓடியது. மலையேறி, முள்ளில் கிழிந்து, தங்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடியது. பாதி வழியிலேயே பௌர்ணமி நிலா வந்து போய்விட்டது.

மரத்தடிக்கு வந்தபோது எருமை படுத்திருந்தது. அதன் முதுகில் குட்டிகள் இலந்தைப் பழம் தின்றுகொண்டிருந்தன.

வெள்ளச்சி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள். "நிலா உச்சிக்கு வரும்வரை காத்திருந்தேன், அண்ணா. சீர் வந்தது, நீ வரவில்லை. சீர் கொண்டுவந்தவர் முதுகிலேயே வைத்துப் பெயர் சூட்டிவிட்டேன்."

துடியன் ஆசையோடு கையை நீட்டியது. குட்டிகள் மிரண்டுபோய் எருமையின் காதைப் பிடித்துக்கொண்டன.

"மாமா, மாமா! யாரோ வந்திருக்கிறார்கள்!"

நீதி: எத்தனை வேகமாகப் போகும் என்று கேட்குமுன், எங்கே இறக்கிவிடும் என்று கேள்.