எப்சிபாவின் ஜெபக் குறிப்பு

"ஐயா, என் நாக்கை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள் எப்சிபா.

குருவானவர் யாபேஸ் தாம் குடியிருந்த குருமனையின் தோட்டத்தில், சாய்ந்துபோன முருங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்சிபாவின் மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பேச்சில் சிக்கனம். பிரசங்கத்தைச் சட்டென்று முடித்துவிடுவார். சபையில் பாதிப் பேருக்கு அதில் வருத்தம், மீதிப் பேருக்கு அதனால்தான் அவர்மேல் பிரியம்.

"என்னம்மா செஞ்சுது உங்க நாக்கு?"

"லீதியாள் மவ கல்யாணத்தை நிறுத்திட்டுது."

இரட்சணியபுரத்தில் எப்சிபாவைத் தெரியாதவர் கிடையாது. புருஷன் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வார்கள். ஜெபத்துக்கு முன்னால் ஜெபக் குறிப்பு. யாருக்கு என்ன கஷ்டம், யாருக்காக மன்றாட வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் மற்றவர்கள் இப்படிப் பேசினால் அதற்குப் பெயர் புறணி. கண்ணை மூடிக்கொண்டு, "பாரத்தோட சொல்லுதேன், ஜெபத்துல மட்டும் வச்சுக்கிடுங்க" என்று ஆரம்பித்தால் அது ஜெபக் குறிப்பு. இந்த வித்தையில் எப்சிபாவை மிஞ்ச ஆள் இல்லை.

அவள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் போகும். கஞ்சியோடு கூடச் செய்தியும் போகும், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு லீதியாள் ஒருநாள் துணி காயப்போட்டபடியே அவளிடம் அழுதாள். மகள் பிரிஸ்காவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். மாப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. அவன் தங்கமான பையன், சரி என்றுவிட்டான். தன் அம்மாவிடம் தானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்று தவணை கேட்டிருக்கிறான்.

"அது வரைக்கும் வெளிய தெரிய வேண்டாம் அக்கா" என்றாள் லீதியாள்.

அந்த வெள்ளிக்கிழமை எப்சிபா கண்ணை மூடினாள். பாரத்தோடு சொன்னாள். ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது மாப்பிள்ளையின் அம்மா காதில் விழுந்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது.

லீதியாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எப்சிபாவின் தலை தெரிந்தால் வீட்டுக்குள் போய்விடுகிறாள்.

"கெட்ட எண்ணத்துல சொல்லல ஐயா" என்றாள் எப்சிபா. "நெசமாவே எனக்குப் பாரமா இருந்துது."

"ஜெபம் பண்ணுங்க."

"வீட்டுல போயிப் பண்ணுதேன்."

"இப்பவே பண்ணுங்க."

எப்சிபா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெபம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அன்பும் இரக்கமும் உள்ள பரம தகப்பனே, லீதியாளையும் பிரிஸ்காவையும் உம்முடைய பாதத்துல..."

"ஆமென்" என்றார் குருவானவர்.

எப்சிபா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி தொடங்கினாள்.

"பரம தகப்பனே, அந்த மாப்பிள்ளையோட அம்மாவுடைய கல்லான இருதயத்தை..."

"ஆமென்."

"ஆண்டவரே, எங்க கூட்டத்துல இருந்து வெளிய போயிச் சொன்ன அந்தச் சகோதரி யாரா இருந்தாலும்..."

"ஆமென்."

அதற்கப்புறம் அவளுக்கு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு கோபம் வந்தது.

"கேலி பண்ணுதீங்களா ஐயா?"

"இல்லம்மா."

"பின்ன எப்படித்தான் ஜெபிக்கச் சொல்லுதீங்க?"

குருவானவர் முருங்கையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். நின்றது. கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

எப்சிபா தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

மீன்காரி ராசம் வரும்வரை வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது.

"மேலத்தெரு டீச்சர் வீட்டுல ஒரே சத்தமாக் கெடக்கே, என்ன விசயம்?" என்று கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள் ராசம்.

எனக்கென்ன தெரியும் என்று சொல்லத்தான் எப்சிபா வாயைத் திறந்தாள். சாளை மீனை ஆய்ந்து முடிப்பதற்குள் டீச்சர், டீச்சரின் மருமகள், மருமகளின் அம்மா என்று எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். தெரிந்தது பாதி, தெரியாதது பாதி.

ராசம் போனதும் எப்சிபா மீன் சட்டியோடு படியில் உட்கார்ந்தாள். கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்தாள். வலித்தது. அழுதது அந்த வலிக்காக இல்லை.

அன்று சாயங்காலம் மறுபடி குருமனை.

"முடியல ஐயா. வாயை மூடினா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு."

"சொன்னா?"

"சொல்லும்போது நாலு பேரு என்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அது நல்லா இருக்கு. முடிச்ச உடனே எந்திரிச்சுப் போயிருதாங்க. மறுபடி வீடு வெறிச்சுன்னு ஆயிரும்."

குருவானவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்காக யாரும்மா ஜெபிக்காங்க?"

"எனக்கா? நான் ஒண்ணும் கேக்கதில்லையே. எனக்கு என்ன கொறை? ஒரே மவன் பஹ்ரைன்ல நல்லா இருக்கான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேலை ஜாஸ்தி அவனுக்கு. போன் பண்ண நேரம்..."

சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.

மகன் சைலஸ் அவளோடு பேசி வருஷக்கணக்காகிறது. ஒருநாள் போனில் குழந்தைபோல அழுதான். குடியை விட முடியவில்லை அம்மா, யாரிடமும் சொல்லிவிடாதே, ஜெபம் மட்டும் பண்ணு என்றான். அவள் ஜெபம் பண்ணினாள். வெள்ளிக்கிழமை, எல்லாரோடும் சேர்ந்து பண்ணினாள். அங்கே அவனோடு வேலை செய்யும் இரட்சணியபுரத்துக்காரன் ஒருவன், "ஊர்ல உன் குடிக்காக உபவாசம் இருக்காவளாமே" என்று சாப்பாட்டு மேசையில் வைத்து அவன் தோளில் தட்டினானாம். அதன் பிறகு அவள் போட்ட போனை அவன் எடுத்ததேயில்லை.

அவன் குடித்தது ஊருக்குத் தெரியும். அவன் தாயோடு பேச்சை அறுத்துக்கொண்டது யாருக்கும் தெரியாது. ஊர் ரகசியத்தையெல்லாம் ஊருக்கே பந்தி வைத்தவள், இந்த ஒன்றை மட்டும் பூட்டி வைத்திருந்தாள்.

இப்போது குருவானவரிடம் சொன்னாள். அவர் முகம் வாடிப்போயிற்று.

"இதை வெள்ளிக்கிழமை சொல்லுங்கம்மா."

"அங்கயா? ஐயா, அங்க சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள ஊரு பூரா..."

பாதியில் நிறுத்திவிட்டாள்.

குருவானவர் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

*

வியாழக்கிழமை எப்சிபா வீட்டில் தனியாக முழங்காலிட்டாள். வழக்கம்போல ஊரார் பெயர்கள் வரிசை கட்டி வந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது.

"இயேசுவே, எம்புள்ள அழுததை நான் ஊருக்குப் பங்கு வச்சிட்டேன்."

அடுத்த வாக்கியம் அவளிடம் இல்லை. அப்படியே கிடந்தாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, அவசரம் இல்லாமல், கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. கேட்டுவிட்டு எழுந்து போகிறவராகத் தெரியவில்லை. யாரிடமும் போய்ச் சொல்கிறவராகவும் தெரியவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பெண்கள் கூடினார்கள். ஒருத்தி தன் நாத்தனாரின் கர்ப்பப்பையைச் சொன்னாள். தெபோராள், எப்சிபாவுக்கு அடுத்தபடியாக ஊரை அளப்பவள், எதிர் வீட்டுக்காரரின் வட்டிக் கடனைச் சொன்னாள். பிறகு எல்லாரும் எப்சிபாவைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால், அதற்காகத்தான் அவர்கள் வருவதே.

எப்சிபா கண்ணை மூடவில்லை.

"எம்பேர்ல ஒரு குறிப்பு" என்றாள்.

மகன் பேசாததைச் சொன்னாள். ஏன் பேசவில்லை என்பதையும் சொன்னாள்.

"பிரிஸ்கா காரியத்தையும் இங்க வச்சு நான்தான் போட்டு ஒடச்சேன். லீதியாள் என்னை நம்பிச் சொன்னது. வேற யாரு மேலயும் பழி வேண்டாம். இந்தப் பழக்கத்தை என்னால விட முடியல. ஆண்டவர்தான் விடுதலை தரணும். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

ஒருத்தியும் நிமிரவில்லை. தெபோராள்தான் ஜெபத்தைத் தொடங்கினாள். அவளே இரண்டு இடத்தில் தடுமாறினாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? விளக்கு வைப்பதற்குள் செய்தி நாலு தெருவுக்கும் போய்விட்டது. மறுநாள் ரேஷன் கடையில் எப்சிபா போய் நின்றதும் பேச்சு நின்றது. ராசம் கேட்காமலே ரெண்டு மீன் கூடப் போட்டாள். அந்த ரெண்டு மீன்தான் எப்சிபாவை அதிகமாகச் சுட்டது. தான் கொண்டுபோய்க் கொடுத்த கஞ்சியெல்லாம் மற்றவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வாசலில் லீதியாள் நின்றாள்.

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க எப்சிபா எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். கை மட்டும் கும்பிட்டது.

"கோவம் போகல அக்கா. அதையும் சொல்லிருதேன்" என்றாள் லீதியாள். "ஆனா சைலசை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான். அவனுக்காக முழங்கால் போடாம இருக்க முடியல."

ரெண்டு பேரும் முழங்காலிட்டார்கள். லீதியாள்தான் ஜெபித்தாள். எப்சிபா அழுதுகொண்டே இருந்தாள்.

போகும்போது லீதியாள் நிலைப்படியில் நின்று திரும்பினாள். எப்சிபாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பிரிஸ்காவைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இந்தத் தடவை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன விஷயம் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

*

"இப்பவும் சொல்லணும் போல இருக்கு ஐயா" என்றாள் எப்சிபா குருமனையில். "வாய்க்குள்ள சுடுசோறு வச்ச மாதிரி இருக்கு. அவ என் வீட்டுப் படி ஏறி வந்த பெறகும் இந்த ஆசை போகலையே."

"ஆசை வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"அடுப்படியிலேயே முழங்கால் போட்டு, இயேசுவே என் வாயைப் பிடிச்சுக்கிடும்னு கேட்டேன்."

"போச்சா?"

"போச்சு. மத்தியானம் மறுபடி வந்துது."

"அப்ப?"

"மறுபடி முழங்கால் போட்டேன்."

"பெறகு?"

"பெறகும் வந்துது. பெறகும் போட்டேன்."

"முழங்கால் வலிக்கா?"

"வலிக்கு ஐயா."

அவர் உள்ளே போய்த் தைலப் புட்டியோடு வந்தார். இருந்ததை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. உபவாசத்துக்குத் தலைகாட்டாதவர்கள்கூட வந்திருந்தார்கள். லீதியாள் எப்சிபா வீட்டுக்கு வந்து போனது தெரியாதவர் யார்?

"லீதியாள் வந்தாளாமே" என்றாள் தெபோராள்.

"வந்தா."

"என்ன சொன்னா?"

அத்தனை கண்களும் எப்சிபா மேல். விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் எல்லாரும் அவளுடையவர்கள்.

எப்சிபா உதட்டை இறுக்கிக்கொண்டாள். உள்ளுக்குள்ளே இயேசுவின் பெயரை மட்டும் சொன்னாள். விஷயம் தொண்டைக்குள் இறங்கியது. முழுதாக இறங்கவில்லை, ஆனாலும் இறங்கியது.

"என் மவனுக்காக ஜெபம் பண்ணினா" என்றாள்.

"அது சரி. பிரிஸ்காவைப் பத்தி ஏதாச்சும்? ஜெபத்துல வைக்கத்தானே கேக்குதேன்."

"அவ காரியத்தை அவ வந்து சொல்லட்டும் தெபோராள். உன் காரியம் இருந்தா சொல்லேன்."

தெபோராள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. சுற்றி இருந்தவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்..." என்று தொடங்கினாள்.

எப்சிபா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.