பெயரிலிக்கு ஒரு சாப்பாடு

"ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார் குற்றாலிங்கம்.

மைமூன் கையிலிருந்த, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயனை ஓரமாக வைத்தார்.

"யாரைச் சொல்றீங்க, அண்ணாச்சி?"

"பெயரிலி."

தென்காசியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடி அறையில் நடக்கிறது 'தூறல்' கூட்டம். மொட்டைமாடியில் ஒரு மழைமானியை வைத்துவிட்டால், பெய்கிற மழையை அளந்து வரைபடத்தில் காட்டும் மென்பொருள்தான் தூறல். கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மாற்றலாம்.

அதை முதலில் எழுதியவர் மைமூன். பேச்சு குறைவு. அவர் தொண்டையைச் செருமினால் படுத்துக் கிடக்கும் கணினிகூட எழுந்து உட்காரும் என்பார்கள்.

குற்றாலிங்கம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைமூனுக்கு அப்பா வயது. இருந்தும் வந்து சேர்ந்த அன்றே அவரைக் குருவாக வரித்துக்கொண்டு காலில் விழப் போனார். மைமூன் மேசையைச் சுற்றி ஓடித் தப்பிக்க வேண்டியதாயிற்று.

குரு அவரிடம் ஒப்படைத்தது விக்கியை. மழைமானியைப் பொருத்துவது எப்படி, மென்பொருளோடு இணைப்பது எப்படி என்று சொல்லும் பக்கங்கள். எவரும் உள்ளே நுழைந்து திருத்தலாம். யார் திருத்தியது என்று பக்கத்தின் வரலாற்றில் பதிவாகும்.

மனுஷர் அந்தப் பக்கங்களைத் துடைத்த துடைப்பில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு புள்ளி குறைவு இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பெயரைச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அங்கேதான் பெயரிலி வந்தான்.

"என்ன பண்ணிட்டான்?" என்று கேட்டார் மைமூன்.

"பொருத்தும் முறைன்னு ஒரு பக்கம் இருக்குல்ல. அதோட தலையில கொண்டுவந்து ஒரு வரியைச் செருகுறான். 'முதலில் மழைமானியின் மூடியைக் கழற்றவும்.'"

"சரி."

"என்ன சரி? வீட்டுக்குள்ள போறவன்கிட்ட முதல்ல கதவைத் திறன்னு எழுதிக் குடுப்பாங்களா? படிக்கிறவங்களை மடையன்னு சொல்ற மாதிரி இல்ல? நான் அழிச்சேன். திரும்பப் போட்டான். அழிச்சேன். போட்டான். நான் காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டான்."

"பேசிப் பாத்தீங்களா?"

"பேர் வைக்கத் தைரியமில்லாத பயகிட்ட என்ன பேசுறது? இங்க 'வடைச்சட்டி'ன்னு ஒருத்தர் எழுதுறாரு. 'கோடைஇடி'ன்னு ஒரு பொண்ணு எழுதுது. புனைபேர்னாலும் ஒரு பேர் இருக்கு. இவன் தேடிப்பிடிச்சுப் 'பெயரிலி'ன்னு வச்சிருக்கான் பாருங்க, அதுலயே தெரியுது கொழுப்பு. பக்கத்தைப் பூட்டுற உரிமையை எனக்குக் குடுங்க. இல்லைன்னா நான் கிளம்புறேன்."

மைமூன் விசைப்பலகையை இழுத்து ஏதோ தட்டினார்.

"குடுத்தாச்சு. இனி நீங்க பூட்டினா உங்களைத் தவிர யாரும் அதுல கை வைக்க முடியாது."

குற்றாலிங்கத்திடம் சண்டைக்கென்று வழியெல்லாம் தயாரித்து வந்த வசனம் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"ஒரே ஒரு காரியம்" என்றார் மைமூன். "பூட்டுறதுக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போட்டுருங்க."

"எதுக்கு?"

மைமூன் மறுபடி சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து புகைதான் வந்தது.

விவாதிப்பதற்கென்று அந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கும் பேச்சுப் பக்கத்தில் குற்றாலிங்கம் எழுதினார்: 'பெயரிலி அவர்களுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வரவும். நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம்.' கீழே முகவரியும் கொடுத்தார்.

அவர் மனைவி பிச்சம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எதிராளிக்கு யாராவது தேங்காப்பால் பிழிஞ்சு சொதி வைப்பாவளா?"

"குரு உத்தரவு."

"அப்ப உப்பை அள்ளிக் கொட்டிரவா?"

"உத்தரவுல அது இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் அவர் விக்கியைத் திறந்து பார்த்தார். வரி மறுபடி வந்திருந்தது. விருந்துக்கு வருகிறவன் இப்படியா செய்வான் என்று முனகிக்கொண்டே அழித்தார். சாப்பாடு முடிந்ததும் பூட்டு. கை கழுவின ஈரம் காய்வதற்குள் பூட்டு.

மதியம் அழைப்புமணி அடித்தது. மெலிந்த இளைஞன் ஒருவன், கையில் வாழைப்பழச் சீப்போடு நின்றான்.

"நான்தாங்க ஐயா, பெயரிலி. சங்கரன்கோயில்ல இருந்து வாரேன். உங்க பக்கத்துல கை வச்சது தப்புதான், மன்னிச்சிருங்க."

வந்ததும் வராததுமாக மன்னிப்பு. இவனிடம் எப்படிச் சண்டை பிடிப்பது என்று குற்றாலிங்கம் யோசிப்பதற்குள் மறுபடி மணி அடித்தது.

செங்கோட்டை மருந்துக்கடைக்காரர் ஒருவர். "வணக்கம். பெயரிலின்னு கூப்பிட்டிருந்தீங்களே, அது நான்தான்."

"அப்ப இவரு?" என்று குற்றாலிங்கம் இளைஞனைக் காட்டினார்.

"நானும்தான்" என்றான் இளைஞன்.

மூன்றாவதாக ஒரு தபால்காரம்மா. அதற்குப் பிறகு வந்தவர்கள் மணி அடிக்கவில்லை, கதவு சாத்தினால்தானே அடிக்க? பாளையங்கோட்டைக்காரர் ஒருவர், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி, அவர் மைத்துனர். தெருமுனைவரை செருப்பு. பேருந்து நடத்துநர் ஒருவர் பேருந்தையே தெருவில் நிறுத்திவிட்டு வந்தார் என்றும், உள்ளே இருந்த பயணிகளில் பாதிப் பேர் 'நாங்களும் அந்த வீட்டுக்குத்தான்' என்று இறங்கினார்கள் என்றும் அந்தத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள்.

"எல்லாரும் ஒரே பேரை வச்சிருக்கீங்களே, இது என்ன சங்கமா?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"பேரே வைக்கலியே ஐயா. கணக்குத் தொடங்காம எழுதினா விக்கி தானா எல்லாருக்கும் 'பெயரிலி'ன்னுதான் போடும்" என்றாள் தபால்காரம்மா. "எனக்கு இவங்க யாரையும் தெரியாது. நான் எழுதினது ஒரே ஒரு தடவை."

"நானும் ஒரு தடவைதான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "மூடியும் புனலும் ஒரே வெள்ளை பாருங்க, கண்ணுக்கே தெரியல. எங்க தெருவுல தண்ணி ஏறி, வாசல்ல கட்டியிருந்த ஆடு நீந்திட்டுப் போகுது, என் கருவி வறட்சின்னு சொல்லுது."

"எங்க வீட்டுல மெத்தையே மிதந்துச்சு" என்றார் எலுமிச்சை வியாபாரி. "இவரு அதுல படுத்துக்கிட்டே திரையைப் பாத்தாரு. பூஜ்யம்." மைத்துனர் ஆமாம் என்று தலையாட்டினார்.

குற்றாலிங்கம் நாற்காலியைத் தேடினார். எல்லாவற்றிலும் பெயரிலிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு மழைமானி.

"ஐயா, நான் ரோஸ்லின். பாவூர்சத்திரத்துல கணக்கு டீச்சர். நான் உங்க பக்கத்துல ஒண்ணும் எழுதலை. முகவரி போட்டிருந்துச்சேன்னு கேட்டுப் போக வந்தேன். இன்னைக்குக் காலைலதான் பக்கத்தைப் படிச்சுப் பொருத்தினேன். சொன்னதுல ஒண்ணு விடலை. நல்ல மழை பேஞ்சுது, இது பூஜ்யத்தை விட்டு அசைய மாட்டேங்குது. கருவிதான் கெட்டுப்போச்சா?"

ஒவ்வொருவரும் மூடியைப் பார்த்தார்கள். பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் மழைமானியை இரண்டு கையாலும் வாங்கினார். மூடியைத் திருகிக் கழற்றினார். அதன் மேல் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் அவர் வேட்டியில் வழிந்தது.

"கருவி நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்.

உள்ளேயிருந்து பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். கூட்டத்தைக் கண்டதும் சொதிச் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத் தெருவில் இறங்கினார்.

பை எடுத்தாரா என்றால் எடுத்தார். குடை எடுத்தாரா என்றால் இல்லை.

பாதி வழியில் கைபேசி அடித்தது. மைமூன்.

"பெயரிலி வந்தாரா, அண்ணாச்சி?"

"வந்தாரும்மா."

"பேசினீங்களா?"

"இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு."

"அப்ப பக்கத்தைப் பூட்டியாச்சா?"

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. குற்றாலிங்கம் ஓட்டமும் நடையுமாகக் கடைத்தெருவுக்குள் திரும்பினார்.

"அப்புறம் பேசுதேம்மா. இலை பத்தல."